20-ஆம் தேதிக்குப் பிறகு: வேலூர் வட்டாரப் பல்கலைக்கழக ஊழியர்களின் உணவுத் தட்டுப்பாட்டைப் போக்க முழுமையான வழிகாட்டி

வேலூர்ப் பக்கம் ஒரு பல்கலைக்கழக ஊழியர் அரைவயிற்றோடு வேலை பார்க்கிறார் என்றால் பலரும் நம்பமாட்டார்கள். 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, வளாகத்துக்குள்ளேயே கேன்டீன் இருக்கிறது, மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. எல்லாம் சரிதான். ஆனால் நாலு பேர் உள்ள வீட்டுக்கு 20 கிலோ அரிசி என்றால், ஆளுக்கு நாளொன்றுக்குக் கால் கிலோ வீதம் அது 20-ஆம் தேதியோடு தீர்ந்துவிடும். குழு லோன் தவணையும் வீட்டு வாடகையும் அதற்கு முன்பே சம்பளத்தைத் தின்றிருக்கும். அடுத்த சம்பளம் 7-ஆம் தேதி வந்தால் நல்ல மாதம். இடைப்பட்ட 17 நாளில் முதலில் நிற்பது முட்டை, அப்புறம் காய், அப்புறம் பருப்பு. கடைசியில் அம்மாவின் காலை நாஷ்டா.

இந்த 17 நாளைக் குறிவைத்து எழுதப்பட்டது இந்த வழிகாட்டி. பதிவாளர் அலுவலகம், ஊழியர் சங்கம், நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர், மெஸ் கமிட்டி என இவர்களில் யார் தொடங்கினாலும் சரி. அரிசி மூட்டை வாங்கி, வரிசையில் நிறுத்தி, மேடை போட்டுக் கொடுப்பது இதில் இல்லை. அதில் செலவு அதிகம், பலன் குறைவு.

1. ஊழியர் யார் என்று முதலில் எண்ணுங்கள்

சம்பளப் பட்டியலை வாங்கி வேலையைத் தொடங்குவதுதான் வழக்கம். தப்பும் அங்கேதான் தொடங்குகிறது. அந்தப் பட்டியலில் நிரந்தரப் பேராசிரியர்களும் அலுவலக ஊழியர்களும் இருப்பார்கள். தட்டுப்பாடு அதிகம் உள்ளவர்கள் அதில் இருக்கமாட்டார்கள். ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, தோட்ட வேலை, மெஸ் சமையல், லிப்ட், பஸ் டிரைவர், கிளீனர் எல்லாரும் ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள். கௌரவ விரிவுரையாளர்களும் ஆய்வுத் திட்டங்களில் தொகுப்பூதியம் வாங்கும் உதவியாளர்களும் வேறு வேறு கோப்புகளில் சிதறிக் கிடப்பார்கள்.

ஆகவே மூன்று ஆவணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: சம்பளப் பட்டியல், ஒவ்வொரு ஒப்பந்தக்காரரும் பில்லோடு இணைக்கும் வருகைப் பதிவு, வாசல் கேட்டில் கையெழுத்து வாங்கும் நோட்டு. மூன்றாவதில் மட்டும் பெயர் இருப்பவர்களைத் தனியாகக் குறியுங்கள். தினக்கூலிக்கு வந்து போகிறவர்கள் அவர்கள். எந்தத் திட்டத்திலும் விடுபடுகிற கூட்டமும் அதுதான். பெயரோடு ஷிப்ட் நேரத்தையும், எந்த ஊரிலிருந்து வருகிறார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். குடியாத்தம், வாலாஜா, ஆற்காடு, திருவலம், சித்தூர் என்று ஊர்ப்பெயர் பின்னால் இரண்டு இடத்தில் தேவைப்படும்.

2. எட்டுக் கேள்வி, எட்டுப் புளியங்கொட்டை

உணவுத் தட்டுப்பாட்டை அளக்க ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு எட்டுக் கேள்வி வைத்திருக்கிறது. நம் ஊர்ப் பேச்சில் அவற்றை இப்படிக் கேட்கலாம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் "போன 30 நாளில், காசில்லாததால்" என்று சேர்த்தே கேட்க வேண்டும்.

- அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று கவலைப்பட்டீர்களா?
- சத்துள்ள சாப்பாடு சாப்பிட முடியாமல் போனதா?
- திரும்பத் திரும்ப ஒன்றிரண்டு வகையையே சாப்பிட வேண்டி வந்ததா?
- ஒரு வேளையை விட்டுவிட்டீர்களா?
- வழக்கத்தைவிட அளவைக் குறைத்துச் சாப்பிட்டீர்களா?
- வீட்டில் சமைக்க ஒன்றுமே இல்லாமல் தீர்ந்துபோனதா?
- பசித்தும் சாப்பிடாமல் இருந்தீர்களா?
- ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தீர்களா?

"காசில்லாததால்" என்பதை விட்டுவிட்டால் கணக்கு கெட்டுப்போகும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ரமலானில் நோன்பு இருப்பார்கள். வெள்ளிக்கிழமை விரதம், ஆடி விரதம், கிருத்திகை என்று மற்றவர்களும் வேளையை விடுவார்கள். விரதம் தட்டுப்பாடு ஆகாது.

எழுதப் படிக்கத் தயங்குகிறவர்கள் பலர் இருப்பதால் காகிதம் வேண்டாம். ஆளுக்கு எட்டுப் புளியங்கொட்டையும் வாய் கட்டும் சின்னத் துணிப்பை ஒன்றும் கொடுங்கள். ஒருவர் கேள்வியைச் சத்தமாகப் படிக்க வேண்டும். "ஆம்" என்றால் ஒரு கொட்டை பைக்குள் போகும், "இல்லை" என்றால் இன்னொரு பொதுப் பெட்டிக்குள் போகும். கை இரண்டும் மேசைக்கு அடியில் இருந்தால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. முடிந்ததும் பைகளை ஒரே கூடையில் போட்டுக் குலுக்கிவிடுங்கள். ஒவ்வொரு பையிலும் எத்தனை கொட்டை என்று எண்ணினால் ஆள்வாரியாக அளவு கிடைக்கும். பெயர் மட்டும் கிடைக்காது. 1 முதல் 3 வரை லேசான தட்டுப்பாடு, 4 முதல் 6 வரை நடுத்தரம், 7, 8 கடுமை என்பது பொதுவாக எடுத்துக்கொள்ளும் பகுப்பு.

துறைவாரியாகத் தெரிய வேண்டுமானால் பையின் துணி நிறத்தை மாற்றலாம். ஆனால் பத்துப் பேருக்குக் குறைவான பிரிவுக்குத் தனி நிறம் கொடுக்காதீர்கள். ஆறு பேர் உள்ள தோட்டப் பிரிவில் எட்டுக் கொட்டை யாருடையது என்று அடுத்த நாளே பேச்சு கிளம்பிவிடும்.

கேள்வியைப் படிப்பவர் சூப்பர்வைசராகவோ ஒப்பந்தக்காரரின் ஆளாகவோ இருக்கவே கூடாது. அவர்கள் அறையில் நின்றாலே எல்லாப் பையும் காலியாக வரும். கணக்கெடுக்க ஏற்ற தேதி 25 முதல் 30 வரை. பொங்கலை ஒட்டியும் தீபாவளி போனஸ் வாரத்திலும் எடுத்தால் எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தோன்றும்.

3. சம்பளத் தேதியைச் சரிசெய்யாமல் வேறெதையும் தொடங்காதீர்கள்

பருப்பு வாங்கிக் கொடுப்பதைவிட, சம்பளம் 7-ஆம் தேதிக்குள் கைக்கு வந்தால் பாதித் தட்டுப்பாடு தீரும். மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் தந்துவிட வேண்டும் என்பது சட்டமே. ஒப்பந்தக்காரர் தராவிட்டால் வேலை வாங்கும் நிறுவனமே தர வேண்டும் என்பது 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டக் காலத்திலிருந்தே இருக்கும் விதி. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. இது தெரியாத நிதி அலுவலர் குறைவு. ஆனாலும் தாமதம் நடக்கிறது. காரணம் கெட்ட எண்ணம் என்பதைவிடக் கோப்பு நகரும் விதம்தான். வருகைப் பதிவு 30-ஆம் தேதி மூடப்படும், 3-ஆம் தேதி பில் வரும், ஒரு கையெழுத்துக்காக 10 வரை நிற்கும். "பில் பாஸாகவில்லை, எங்கிருந்து கொடுப்பேன்" என்பார் ஒப்பந்தக்காரர்.

இதற்கு நான்கு மாற்றங்கள் போதும். வருகைக் கணக்கை 25-ஆம் தேதியோடு மூடி, மீதி ஐந்து நாளை அடுத்த மாதத்தில் சேர்க்கவும். 28-க்குள் பில் உள்ளே வர வேண்டும். பில் பாஸாவதோடு சம்பளத்தை முடிச்சுப் போடக் கூடாது என்று டெண்டர் நிபந்தனையிலேயே எழுதவும். போன மாதச் சம்பளம் ஒவ்வொருவர் வங்கிக் கணக்கிலும் ஏறிய சான்றும், பி.எப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) செலுத்திய ரசீதும் இல்லாமல் இந்த மாத பில்லைத் தொடவே வேண்டாம்.

டெண்டரைத் திறக்கும்போது சர்வீஸ் சார்ஜ் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போட்டவரைக் கண்டு சந்தோஷப்படாதீர்கள். அவர் லாபத்தை எங்கேயோ எடுத்தாக வேண்டும். யூனிபார்ம் பிடித்தம், அடையாள அட்டைப் பிடித்தம், வாராத நாள் அபராதம் என்று அது தொழிலாளியின் சம்பளத்திலிருந்துதான் போகும்.

இ.எஸ்.ஐ. விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர் அதற்குள் வருவார். அவர் பங்கு 0.75 சதவீதம், வேலை தருபவர் பங்கு 3.25. உடம்பு சரியில்லாமல் படுத்தால் தகுதியுள்ளவருக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். டைபாய்டு வந்து மூன்று வாரம் படுத்த வீட்டில் அடுப்பு அணைவதற்கும் எரிவதற்கும் இதுதான் வித்தியாசம். எண் இருக்கும், அட்டை இருக்காது. அட்டை இருக்கும், பழைய ஒப்பந்தக்காரர் பெயரில் இருக்கும். ஒப்பந்தக்காரர் மாறும் மாதத்தில் ஒவ்வொருவரின் எண்ணும் பழையதே தொடர்கிறதா என்று பாருங்கள். புது எண் போட்டால் பழைய பங்களிப்பு நாள்கள் அந்தரத்தில் தொங்கும்.

4. ரேஷன் மேசை

மாதம் ஒருநாள், மதியம் 12 முதல் 3 வரை, ஒரு மேசை, இணையத்தோடு ஒரு கணினி, ஒரு பிரிண்டர், விவரம் தெரிந்த இரண்டு மாணவர்கள். இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. அவர்கள் பார்க்க வேண்டியவை:

அட்டை எந்த வகை? அட்டையிலேயே எழுதியிருக்கும். மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்த்யோதயா அட்டைக்கு 35 கிலோ அரிசி. சர்க்கரை அட்டை வைத்திருந்தால் அரிசி கிடைக்காது. முன்பு வசதியாக இருந்து இப்போது நொடித்த வீடுகளில் இந்த அட்டை அப்படியே கிடக்கும். அரிசி அட்டையாக மாற்ற மனு போடலாம். எந்தப் பொருளும் வேண்டாம் என்று அடையாளத்துக்காக மட்டும் எடுத்த அட்டைக்கும் இதே கதைதான்.

பெயர் எங்கே இருக்கிறது? கல்யாணமாகி மூன்று வருடமாகியும் மருமகள் பெயர் தாய்வீட்டு அட்டையில் இருக்கும். அங்கே நீக்கினால்தான் இங்கே சேர்க்கவோ தனி அட்டை எடுக்கவோ முடியும். பொது விநியோகத் துறை இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ செய்துவிடலாம். வாடகை வீட்டுக்காரர்களுக்கு முகவரிச் சான்றுதான் முட்டுக்கட்டை. கேஸ் ரசீது அவர்கள் பெயரிலேயே இருந்தால் வேலை சுலபம்.

கைரேகை விழுகிறதா? பினாயிலிலும் ஆசிட்டிலும் கை வைத்து வைத்து, தூய்மைப் பணியாளர்களின் ரேகை தேய்ந்திருக்கும். கடையில் இயந்திரம் ஏற்காது, "நாளைக்கு வாங்கம்மா" என்பார்கள். அட்டையில் பெயருள்ள குடும்பத்தார் யார் வேண்டுமானாலும் ரேகை வைக்கலாம். கருவிழிக் கருவி உள்ள கடையில் அதைக் கேட்டு வாங்கலாம். ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிப்பதும் உதவும். அதைவிட முக்கியம், வேலையில் ரப்பர் கையுறை தருவது.

வெளிமாநில அட்டையா? மெஸ்ஸில் வேலை பார்க்கும் ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்களும் சித்தூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்களும் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழான அட்டை வைத்திருந்தால், ஒரே நாடு ஒரே ரேஷன் முறையில் இங்குள்ள கடையிலேயே தானியத்தை வாங்கலாம். தமிழ்நாடு அரசு மானியத்தில் தரும் துவரம்பருப்பும் பாமாயிலும் அவர்களுக்குக் கிடைக்காது. ஏழாவது படிநிலையில் சொல்லும் பையை அவர்களுக்கு அதற்கேற்பப் பெரிதாக்க வேண்டும்.

ரேஷனில் உண்மையான சிக்கல் 30 ரூபாய்ப் பருப்பும் 25 ரூபாய் எண்ணெயும். அரிசி எப்போதும் இருக்கும். இந்த இரண்டும் வந்த வேகத்தில் தீரும். கடை திறந்திருக்கும் நேரம் முழுவதும் ஷிப்டில் இருப்பவர் போய்ச் சேரும்போது "ஸ்டாக் இல்லை". ஆகவே மாதத்துக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் சம்பளத்தோடு கூடிய ரேஷன் அனுமதி கொடுங்கள். நிர்வாகத்துக்கு இதைவிட மலிவான உதவி கிடையாது. பொருள் வாங்காமலே வாங்கியதாகக் குறுஞ்செய்தி வந்தால் 1967 எண்ணில் புகார் சொல்லலாம் என்பதை மேசையில் எழுதி ஒட்டுங்கள்.

சொல்ல மறக்கும் இன்னொன்று: அரிசி இருந்தாலும் கேஸ் தீர்ந்தால் சமையல் இல்லை. 14.2 கிலோ சிலிண்டருக்கு ஒரே மூச்சில் பணம் புரட்ட முடியாத வாடகை வீட்டுக்காரர்களுக்கு 5 கிலோ சிலிண்டர் உண்டு. முகவரிச் சான்று இல்லாமலே சில பெட்ரோல் பங்குகளிலும் ஏஜென்சிகளிலும் கிடைக்கும். கிலோக் கணக்கில் விலை கூடுதல்தான். இருந்தாலும் மாதக் கடைசியில் கைகொடுக்கும்.

5. முன்பணம்: நிதி இரண்டாம் மாதமே வற்றுவது ஏன்

நிரந்தர ஊழியர்களுக்குச் சிக்கனக் கடன் சங்கம் இருக்கும். ஒப்பந்த ஊழியர் அதில் சேர முடியாது. அவருக்கு இருப்பது அன்றாடம் வட்டி வசூலிக்கும் தண்டல்காரரும் வாரத் தவணைக் கடன் குழுவும். வட்டியில்லா முன்பணச் சுழல்நிதி ஒன்று தொடங்கினால் சாப்பாட்டுக் காசு வட்டிக்குப் போவது நிற்கும்.

தொகையைச் சின்னதாக வையுங்கள்: 2,500 ரூபாய், மாதம் 500 வீதம் ஐந்து தவணை. மாதம் 60 பேர் கேட்பார்கள் என்றால் எவ்வளவு நிதி வேண்டும்? ஒன்றரை லட்சம் என்று பலரும் தொடங்குகிறார்கள். அது முதல் மாதத்துக்குத்தான் காணும். இரண்டாம் மாதம் திரும்பி வருவது 30,000 மட்டும். புதிதாகக் கொடுக்க வேண்டியது மறுபடி ஒன்றரை லட்சம். ஐந்தாம் மாதம் வெளியே நிற்கும் தொகையைக் கூட்டுங்கள்: ஐந்து தொகுதிக்கு முறையே 2,500, 2,000, 1,500, 1,000, 500. ஆளுக்கு 7,500 வீதம் 60 பேர் வரிசைக்கு நாலரை லட்சம். ஒன்றரை லட்சத்தோடு ஆரம்பித்தால், இரண்டாம் மாதமே கேட்பவரைத் திருப்பி அனுப்ப வேண்டிவரும். ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டவர் மறுபடி வரமாட்டார், தண்டலுக்கே போவார். நிதி குறைவு என்றால் ஆள் எண்ணிக்கையைக் குறைத்துத் தொடங்குங்கள்.

முன்பணம் 18 முதல் 22-ஆம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும். காரணம் எழுதித் தரச் சொல்லாதீர்கள். ஜாமீன் கையெழுத்து சக ஊழியர் ஒருவரிடம் போதும், சூப்பர்வைசர் வேண்டாம்.

கௌரவ விரிவுரையாளர்களுக்கு இந்த வழிதான் பொருந்தும். இஸ்திரி போட்ட சட்டையோடு வகுப்பெடுத்துவிட்டு உணவு அலமாரிக்கு முன்னால் வந்து நிற்க மாட்டார்கள், எத்தனை சுற்றறிக்கை அனுப்பினாலும். முன்பணமும் கேன்டீனில் மாதக் கணக்கும் இருந்தால் பயன்படுத்துவார்கள்.

6. கேன்டீன்: நேரம், தட்டு, அளவு

வளாகக் கேன்டீன் மாணவர்களின் நேரத்துக்கு ஓடுகிறது. தூய்மைப் பணியாளர் காலை 6 மணிக்கு வேலையைத் தொடங்குகிறார். அதற்கு நாலரைக்கு எழுந்து, வீட்டில் எல்லாருக்கும் சமைத்து வைத்து, தான் சாப்பிடாமல் பஸ் ஏறியிருப்பார். கேன்டீன் திறப்பது 8 மணிக்கு. சூடாகி எல்லாம் வர எட்டரை. இரவுக் காவலருக்கோ மாலை 7-க்குப் பிறகு காலை வரை டீயைத் தவிர வேறில்லை. ஆகவே இரண்டு வேளையைப் புதிதாகச் சேர்க்க வேண்டும்: காலை 7:30-க்கு நாஷ்டா, இரவு 10 மணிக்கு ஒரு தட்டு.

காலைக்குக் கேழ்வரகுக் கூழ் போல இந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் ஒத்தது வேறில்லை. 50 பேருக்குக் கேழ்வரகு மாவு 3 கிலோ, அரிசி நொய் 1 கிலோ, மோர் 5 லிட்டர், சின்ன வெங்காயம் 1 கிலோ, உப்பு. முந்தின நாள் மாலை மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, விடியற்காலை நொய்யை வேகவைத்து அதில் ஊற்றிக் கிளற வேண்டும். மார்கழியில் பன்னிரண்டு மணி நேரம் புளிக்கலாம். ஏப்ரல், மே வேலூர் வெயிலில் ஆறேழு மணி நேரத்துக்கு மேல் விட்டால் வாயில் வைக்க முடியாது. அந்த மாதங்களில் இரவு 10 மணிக்குக் கரைத்தால் போதும். கூடவே வேர்க்கடலைத் துவையல் இருந்தால் பசி மதியம் வரை தாங்கும். வெறும் ஊறுகாய் என்றால் பத்து மணிக்கே கை நடுங்கும்.

மதியத் தட்டு 100 பேருக்கு: அரிசி 15 கிலோ, துவரம்பருப்பு 4 கிலோ, காய் 12 கிலோ, முட்டை 100, எண்ணெய் 1.5 லிட்டர், புளி அரைக் கிலோ. உடல் உழைப்பு உள்ளவர்களுக்கு ஆளுக்கு 150 கிராம் அரிசி தேவை. அலுவலகத்தில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் அவ்வளவு எடுக்கமாட்டார்கள், பரிமாறுகிறவர் கேட்டுப் போட்டால் மிச்சமாகாது. செலவைக் குறைக்கச் சொன்னால் சமையல்காரர் முதலில் தொடுவது பருப்பை. 4 கிலோ 2 கிலோவாகும், சாம்பார் நிறம் மட்டும் மாறாது, மஞ்சள்தூள் ஈடுகட்டிவிடும். ஆகவே பருப்பையும் முட்டையையும் எடைபோட்டுப் பாத்திரத்தில் இடும்போது ஊழியர் பிரதிநிதி ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். முட்டை சாப்பிடாதவர்களுக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு கரண்டி. காய்க்கு டோல்கேட், காட்பாடி உழவர் சந்தைகளைப் பயன்படுத்துங்கள். கத்தரிக்காய் மலியும் வாரத்தில் இலவம்பாடி முள்ளுக் கத்தரியே வாங்கலாம்.

டோக்கன் எல்லாருக்கும் ஒரே நிறத்தில் இருக்கட்டும். முழு விலை கொடுத்தவர், பாதி விலை கொடுத்தவர், இலவசமாக வாங்கியவர் என்பது கவுன்டரில் தெரியக் கூடாது. போனில் ஸ்கேன் செய்தால்தான் சாப்பாடு என்று வைத்தால் பட்டன் போன் வைத்திருக்கும் பாதிப் பேர் வெளியே நிற்பார்கள்.

தட்டு, தம்ளர், பெஞ்சு எல்லாம் ஒன்றே. "அவங்களுக்குத் தனியா எடுத்து வெச்சிருக்கோம்" என்று தூய்மைப் பணியாளர்களுக்கு வேறு தட்டோ, கேன்டீனுக்குப் பின்பக்கம் இடமோ ஒதுக்குவது இன்னும் நடக்கிறது. ஏற்பாட்டு வசதி என்று அதற்குப் பெயர் சொல்வார்கள். சாதி பார்த்து இப்படிச் செய்வது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். இதைக் கேன்டீன் ஒப்பந்தத்திலேயே எழுதி, மீறினால் ஒப்பந்தம் ரத்து என்று சேருங்கள்.

7. உலர்பொருள் அலமாரி

இது 20-ஆம் தேதியிலிருந்து 7 வரைக்கான பை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டலின் மாதிரித் தட்டில் ஆளுக்கு நாளொன்றுக்குப் பருப்பு, முட்டை, இறைச்சி வகை 85 கிராம். நாலு பேருக்கு 17 நாள் என்றால் ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதை வைத்துப் போட்ட கணக்கு:

- துவரம்பருப்பு 1.5 கிலோ
- பச்சைப்பயறு 1 கிலோ
- கொண்டைக்கடலை 1 கிலோ
- முட்டை 30
- வேர்க்கடலை 1 கிலோ
- கேழ்வரகு மாவு 5 கிலோ
- எண்ணெய் 1 லிட்டர்
- வெல்லம் அரைக் கிலோ, புளி கால் கிலோ, மிளகாய் கால் கிலோ
- துணி சோப்பு, குளியல் சோப்பு, நாப்கின்

ரேஷன் பருப்பு ஒரு கிலோவையும் சேர்த்தால் கணக்கு நேராகும். அரிசி இதில் இல்லை. அட்டை இல்லாதவர்களுக்கு மட்டும் 10 கிலோ சேர்க்கவும். காய்கறியை அலமாரியில் வைக்க வேண்டாம், அழுகும். அதற்குப் பணமாகவே 200, 300 ரூபாய் பையில் வைப்பது மேல். பச்சிளங்குழந்தைகளுக்கான பால்மாவு டின்னை நன்கொடையாக யார் கொண்டுவந்தாலும் வாங்காதீர்கள். தாய்ப்பாலைக் குலைக்கும் என்பதால் அப்படி விநியோகிப்பதற்கு 1992-லேயே சட்டம் தடை போட்டிருக்கிறது.

வாங்கும்போது ஒரு சின்னக் கணக்கு. 25 கிலோ வரை லேபிள் ஒட்டி வரும் பருப்பு, மாவு, அரிசிப் பைக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, அதற்கு மேல் எடையுள்ள மூட்டைக்கு இல்லை. கடைகளில் 26 கிலோ அரிசிப் பை தொங்குவது இதனால்தான். 30 அல்லது 50 கிலோ மூட்டையாக வாங்கி, நீங்களே எடைபோட்டுக் கட்டுங்கள்.

பத்திரப்படுத்துவதில் நான்கு இடத்தில் கெட்டுப்போகும். மூட்டையைத் தரையில் வைத்தால் ஈரம் ஏறும், மரப்பலகை போட்டு அரை அடி உயர்த்துங்கள், சுவரிலிருந்தும் ஒரு கை தள்ளி. பயறில் வண்டு வைக்கும். வெயிலில் காயவைத்து, ஆறியபின் டின்னில் காய்ந்த வேப்பிலையோடு மூடினால் இரண்டு மாதம் தாங்கும். சூடாகவே மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். வேர்க்கடலையில் சுருங்கியது, கறுத்தது, பச்சைப் பூஞ்சை படிந்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள், கழுவி வறுத்தாலும் அந்த நஞ்சு போகாது. முட்டையைக் கோடையில் ஒரு வாரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. எனவே விநியோகத்துக்கு முந்தின நாள்தான் வாங்க வேண்டும்.

கொடுக்கும் விதம்: ஷிப்ட் முடிந்து பஸ் வருவதற்கு இடையில் அரைமணி நேரம். சாதாரண மஞ்சப்பையில் கட்டுங்கள், கல்யாணத்துக்குப் போய்வந்தவர் கையிலும் அதுதான் இருக்கும். பெயர் கேட்காமல் எண் போட்ட வில்லை. போட்டோ கிடையாது, நன்கொடையாளர் முன்னிலை கிடையாது. நன்கொடையாளர் போட்டோ கேட்டால் அலமாரியைப் படமெடுத்து அனுப்புங்கள். தேவையில்லாதவர் ஓரிருவர் வாங்குவார்கள். விடுங்கள். அவர்களைக் கண்டுபிடிக்க வருமானச் சான்று கேட்கத் தொடங்கினால், உண்மையில் தேவைப்படுகிறவர் முதலில் நின்றுவிடுவார்.

எடை விஷயத்தில் ஒன்று மட்டும் கவனிக்க வேண்டியது: பையைச் சுமந்துகொண்டு இரண்டு பஸ் மாற வேண்டியவருக்கு 14 கிலோ முடியாது. முதல் படிநிலையில் எழுதிய ஊர்ப்பெயர் இங்கே உதவும். தூரத்து ஊர்க்காரர்களுக்கு இரண்டு தவணையாகப் பிரித்துக் கொடுங்கள்.

8. ஹாஸ்டல் மெஸ்ஸில் மீறுவது

மாணவர் சாப்பிட்டு முடிந்தபின் மிஞ்சியதை ஊழியருக்குக் கொடுப்பது சுலபமான யோசனை. அதனாலேயே எல்லாரும் முதலில் இதைச் சொல்கிறார்கள். முடிந்தவரை தவிர்க்கலாம். கொடுப்பதென்றால், பரிமாறத் தொடங்கும் முன்பே ஊழியர் பங்கைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து மூடிவிட வேண்டும். பந்தியில் கரண்டி போட்டுக் கலைத்த சோறு வேண்டாம்.

உபரி உணவுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2019-இல் தனி விதிமுறை கொண்டுவந்தது. மெஸ்ஸின் பதிவும் அதற்கேற்ப இருக்க வேண்டும். நடைமுறையில் பார்க்க வேண்டியது சூடு. சூடான உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. வெந்த சோற்றில் தப்பிப் பிழைக்கும் ஒருவகைக் கிருமி, ஆறிய சோற்றில் பெருகி நஞ்சு கக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. சோறு இறக்கி இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும், கோடையில் ஒரு மணி நேரம். சாம்பாரை ஒருமுறை கொதிக்கவிட்டுக் கொடுக்கலாம். தேங்காய்ச் சட்னி, தயிர்சாதம், முட்டை மசாலா மூன்றையும் எக்காரணத்துக்கும் அனுப்ப வேண்டாம்.

9. மே மாதம்

மற்ற மாதங்களின் 17 நாள் மே மாதத்தில் 40 நாளாக நீளும். கௌரவ விரிவுரையாளர்களுக்கு ஆண்டில் பதினொரு மாதத் தொகுப்பூதியம்தான், விடுபடுவது இந்த மாதம். ஹாஸ்டல் மூடுவதால் மெஸ் ஆட்களை ஒப்பந்தக்காரர் நிறுத்திவிடுவார். கேன்டீன் பூட்டு. பள்ளி விடுமுறையால் குழந்தைகளின் காலை உணவும் சத்துணவும் நின்று, அந்தச் சுமையும் வீட்டு அடுப்புக்கு வரும். அதோடு ஜூனில் பள்ளி திறக்கும் செலவு.

எனவே ஆண்டு நிதியை மாதவாரியாகச் சமமாகப் பிரிக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கை மே, ஜூனுக்கு என்று ஜனவரியிலேயே ஒதுக்கிவிடுங்கள். பொங்கல் பரிசுப் பைக்கு அதில் கை வைக்க வேண்டாம். கௌரவ விரிவுரையாளர்களுக்கான முன்பணத்தை ஏப்ரல் கடைசி வாரமே கொடுத்து, தவணையை ஜூலைச் சம்பளத்திலிருந்து தொடங்குங்கள். நிறுத்தப்படும் மெஸ் ஆட்கள் ஊருக்குப் போகும் முன் இரண்டு மாதப் பையை ஒன்றாகத் தரவும். அவர்களின் எண் போட்ட வில்லை ஜூன் வரை செல்லும் என்று எழுதிக் கொடுக்கவும். காவல், தூய்மை, தோட்டப் பணி விடுமுறையிலும் நடக்கும் என்பதால் கேன்டீனில் ஓர் அடுப்பு மட்டும் எரியட்டும்: காலைக் கூழ், மதியம் ஒரு தட்டு. இந்த ஏற்பாட்டுக்கான ஆணை ஏப்ரல் 15-க்குள் கையெழுத்தாக வேண்டும். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுகிறவரும் விடுப்பில் போயிருப்பார்.